தட்டின் விளிம்பில் ஒரு பெயர்

"இந்த மீன் செத்து எத்தினி நாள் ஆச்சி, சொல்லு பாக்கலாம்."

"படத்துல இருக்கற மீனாக்கா?"

"ஆமா, படத்துல கீற மீன்தான். கண்ணு உள்ள போயிட்ச்சி பாரு. செவுளு வெளுத்துட்ச்சி. சங்கரா மீனு வலையிலருந்து எடுத்தா ரோஜாப்பூ கணக்கா இருக்கும். இது நாலு நாள் மீனு. எம்பொண்ணு கோவளத்துல பொறந்தவ. இந்த மாதிரி மீனை வாசப்படி ஏத்த மாட்டா. படத்துல ஏத்துவாளா?"

"வேற எதாவது சந்தேகம் இருக்காக்கா?"

"கீது. அவ போன்லருந்து மெசேஜ் வருது. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டும். 'நான் நலம். வேலை அதிகம். நீங்கள் வர வேண்டாம்.' எம்பொண்ணு என்னிய எந்தக் காலத்துல நீங்கன்னு கூப்ட்டா? வாய் தொறந்த நாளா வா, போ, நீதான். எவனோ மரியாத தெரிஞ்சவன் அவ போனை வெச்சிகினு கீறான்மா."

நேற்று மாலை நடந்த இந்தப் பேச்சு, இன்று காலை இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதும் ஜான்சியை விடவில்லை. மரியாதை தெரிந்தவன் என்ற அந்த வார்த்தைதான் அவளைத் திரும்பத் திரும்ப நெருடியது.

தாம்பரம் மேற்கில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது அவளுடைய துப்பறியும் அலுவலகம். பெரும்பாலும் வருகிற வேலை மாப்பிள்ளை விசாரிப்பதுதான். குடிப்பாரா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, சொன்ன சம்பளம் நிஜம்தானா என்று பார்த்துச் சொன்னால் போதும். அங்காளம்மாள் மாதிரி, கோவளத்திலிருந்து பஸ் பிடித்து, காலி மீன் கூடையோடு படியேறி வந்து, தன் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை.

மகள் பெயர் நித்யஸ்ரீ. ஓவியக் கல்லூரியில் படித்தவள். பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை என்று சொல்லி விடுதியில் தங்கியிருந்தாள். கம்பெனியின் பெயரைத் தாய் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை வருவாள், வரும்போது கையகலத்தில் ஒரு படம் வரைந்து கொண்டுவருவாள். ஐந்து மாதமாக அவள் வரவில்லை. விடுதியில் கேட்டால், காலி செய்துவிட்டாள் என்றார்கள். 'நேரில் வந்து தேடப் போகிறேன்' என்று தாய் மெசேஜ் அனுப்பச் சொன்ன பிறகுதான் கூரியரில் படங்கள் வர ஆரம்பித்தன. அனுப்புநர் விலாசத்தில் அந்தப் பழைய விடுதி. புகார் கொடுக்கப் போன இடத்தில், பெண் மேஜர், மெசேஜ் வருகிறது, படமும் வருகிறது, இதில் புகார் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேஜை மேல் இப்போது நான்கு படங்கள். ஒன்று பழையது, கோவளம் வீட்டில் வைத்து வரைந்தது. ஓர் எவர்சில்வர் சொம்பு, நாலு சின்ன வெங்காயம், உரித்துப் போட்ட தோல். வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வெங்காயத் தோலில் விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தால், யாரோ இப்போதுதான் உரித்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும். மற்ற மூன்றும் புதியவை. மூன்றிலும் ஒரே தட்டு. முதலாவதில் தட்டு மேல் பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம், இரண்டாவதில் கவிழ்த்து வைத்த டம்ளர், மூன்றாவதில் அந்த மீன்.

"டீ வெச்சிக்கறேன், படம் மேல ஊத்திடாத ஜான்சிம்மா" என்றபடி வந்தார் துலுக்காணம்.

ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஊரில் பாதிப் பேருடைய கதை தனக்குத் தெரியும், மீதிப் பேர் பஸ்ஸில் போய்விட்டார்கள் என்று சொல்லிக்கொள்வார். அவர்தான் ஜான்சியின் உதவியாளர்.

"அண்ணா, இந்தப் படங்களைப் பாருங்க. நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"பழசுல சோத்தாங்கை பக்கம். புதுசுல மூணும் அப்டியே உல்ட்டா, பீச்சாங்கை பக்கம். ஏன், சூரியன் பல்டி அடிச்சிட்டாரா?"

"வலது கையால வரையறவங்க ஜன்னலை இடது பக்கம் வெச்சு உட்காருவாங்க. இல்லன்னா தன் கை நிழலே படத்து மேல விழும். இடது கைக்காரங்க மாத்தி உட்காருவாங்க."

துலுக்காணம் டீயை வைத்துவிட்டுக் குனிந்தார். அவரே இடது கைக்காரர்தான். ஆட்டோவின் பின்னால் எழுதியிருக்கும் 'அவசரமா, முந்திப் போ' அவர் இடது கையால் எழுதியது. அச்சு அடித்த மாதிரி இருக்கும்.

"நீ சொல்றது கரீட்டுமா. இந்தக் கோடுங்க சாயறதைப் பாரு. நான் ஆட்டோ கண்ணாடி தொடச்சா அழுக்கு இப்டித்தான் கோடு போடும். எங்க ஓனர் அதை வெச்சே, தொடச்சது நான்தான்னு கண்டுபுடிச்சித் திட்டுவாரு. இது பக்கா நம்ம ஜாதி. பீச்சாங்கை." நிமிர்ந்து கேட்டார். "அந்தப் பொண்ணு?"

"வலது கை. நேத்தே அவ அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

கீழே சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வேறு யாரோ வரைந்து நித்யஸ்ரீயின் பெயரில் அனுப்புகிறார்கள் என்றால், வரைய வேண்டிய நித்யஸ்ரீ எங்கே என்ற கேள்விக்கு அதிகம் பதில்கள் இல்லை.

"அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கண்ணா."

"நான் எதுக்கு சொல்றேன். ஜோக்கு அடிக்கத்தானே நீ எனக்கு சம்பளம் குடுக்கற."

ஜான்சி பூதக்கண்ணாடியை மீன் இருந்த தட்டின் விளிம்புக்கு நகர்த்தினாள். அங்கே புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. தூசியில்லை, எழுத்து. பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மிஷினால் பொளிந்த எழுத்தை, வரைந்த ஆள் ஒரு புள்ளி விடாமல் வரைந்திருந்தார். மு. வேதாசலம் - கங்கம்மா, கீழ்க்கட்டளை. மற்ற இரண்டு படங்களிலும் அதே பெயர் பார்ப்பவரை நோக்கியே திரும்பியிருந்தது.

"பேரு கீது, ஊரு கீது. பின்கோடுதான் பாக்கி" என்றார் துலுக்காணம். "வா, அந்த வேதாசலத்தை அமுக்கிடலாம்."

"உங்க வீட்டு சொம்புல யார் பேர் இருக்கு?"

"எம்மச்சான் பேரு. அவன் எனக்கு செஞ்ச ஒரே சீரு அது. இருவது வருசமா அவன் மூஞ்சை நெனச்சிகினுதான் தண்ணி குடிக்கறேன்." சொல்லிவிட்டு அவரே நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட ஆமால்ல. தட்டுல கீறது வூட்டுக்காரன் பேரு இல்ல. குடுத்தவன் பேரு."

"அப்ப யாருக்குக் குடுத்தாங்கன்னு போய்க் கேட்போம்."

படியிறங்கும்போது எதிரே அங்காளம்மாள் ஏறி வந்துகொண்டிருந்தாள். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். சேலை முந்தானையில் செதில்கள் மினுங்கின.

"எங்க போறீங்களோ நானும் வரேன். வாணாம்னு சொல்லாத கண்ணு."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஜான்சி வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, முடியவில்லை.

கீழ்க்கட்டளையில் கங்கம்மாவைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. பத்து வருஷமாக அந்தத் தெருக்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டதுமே மூன்று பேர் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள். அங்காளம்மாளை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு ஜான்சி உள்ளே போய்ப் படத்தை நீட்டினாள்.

கங்கம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "எங்க தட்டுதான். இதை யாரு படம் போட்டது? தட்டைத் தேய்க்காம வெச்சிருக்காங்க பாருங்க, விளிம்பெல்லாம் கறை."

"இதை யாருக்குக் குடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"குடுத்ததை மறப்பாங்களா? வாங்கினதைத்தான் மறப்பாங்க. இந்த மாதிரி சின்னத் தட்டு ரெண்டே பேருக்குத்தான் வெச்சோம். ஒண்ணு என் நாத்தனாருக்கு. அவ அந்த வருஷமே ரயில்ல விட்டுட்டு வந்துட்டா, இன்னி வரைக்கும் அதுக்கு ஒரு வருத்தம் சொல்லல. இன்னொண்ணு ரத்தினபாய்க்கு, புது வீடு குடி போனப்ப. திருமுடிவாக்கம் எஸ்டேட்டுக்குப் பின்னாடி மெஸ் வெச்சிருக்கா. பேர் வெட்டாம குடுத்திருந்தா இந்நேரம் வேற எவ கல்யாணத்துக்காவது போயிருக்கும்."

"அதுக்குத்தான் பேர் வெட்டறதா?" என்றார் துலுக்காணம்.

"பின்ன, பாசத்துக்குன்னு நெனச்சியா?"

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று ஆட்டோ போய்க்கொண்டிருந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மதியம் இரண்டு மணிக்கே எதிர் வண்டிகளில் விளக்கு எரிந்தது. அங்காளம்மாள் பழைய படத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இந்த சொம்பு எங்கூட்ல பதினஞ்சு வருசமா கீதும்மா" என்றாள் திடீரென்று. "தண்ணி மொண்டு குடிப்பேன், வெச்சிருவேன். சொம்புல பாக்க இன்னா கீது? இவ ஒரு நாள் பூரா அது எதிர்ல குந்திகினு வரைஞ்சா. பைத்தியமாடி உனுக்குன்னு கேட்டேன். முடிச்சிட்டுக் காட்னா. அதுக்கு அப்பாலதான் தெரிஞ்சிது, எஞ்சொம்பு இவ்ளோ அழகுன்னு. இப்பல்லாம் அதுல தண்ணி மொள்ளும்போது ஒரு நிமிசம் நின்னு பாக்கறேன்."

துலுக்காணம் கண்ணாடி வழியாக ஜான்சியைப் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார். ஜான்சி வெளியே பார்த்தாள். இந்தப் பெண்மணியிடம் என்ன வார்த்தையில் சொல்வது, உட்காரவைத்துச் சொல்வதா, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதா என்று மனசு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தது. எந்த வார்த்தையும் சரியாக வரவில்லை.

திருமுடிவாக்கத்தில் ஷெட்டுகளுக்கு நடுவே தரை அதிர்ந்துகொண்டிருந்தது. தகட்டை நசுக்கும் பிரஸ் மிஷின்களின் 'டொம், டொம்' சத்தம் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. எஸ்டேட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மெஸ். அதன் மேல் ஒரே ஒரு மாடி அறை. அறையின் ஜன்னலில் உள்ளிருந்து பாதி உயரத்துக்கு அட்டை அறைந்திருந்தது. தாயை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

தட்டின் படத்தைப் பார்த்ததும் ரத்தினபாயின் கையிலிருந்த கரண்டி சாம்பார் வாளிக்குள் முழுகிப் போனது.

"இது உங்களுக்கு எப்படி..."

"மாடியில யார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க."

"யாரும் இல்லாத ரூமுக்கு சாப்பாடு போவுதா?" துலுக்காணம் மாடிப்படியில் காய்ந்து கிடந்த சோற்றுப் பருக்கைகளைக் காட்டினார். "காக்காக்கு வெச்சன்னு சொல்லிடாத. காக்கா படம் வரையாது."

ரத்தினபாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அனிருத் சார்தான் வாடகைக்கு எடுத்திருக்காரு. பின்னாடி கம்பெனி ஓனர். என் வீட்டுக்காரருக்கு அங்கதான் வேலை. யாரோ அவருக்கு வேண்டியவங்க, மனசு சரியில்ல, வைத்தியம் நடக்குது, என்ன சொன்னாலும் நம்பாதீங்கன்னாரு. கதவுக்குக் கீழ இருக்கற சந்து வழியா தட்டைத் தள்ளிட்டு வந்துடுவேன். படம் வரையற சாமானெல்லாம் சார்தான் கொண்டுவருவாரு, வரைஞ்சதையும் அவரே எடுத்துட்டுப் போவாரு. நான் மூஞ்சைக்கூட பார்த்ததில்லைங்க."

"எதாவது சொன்னாங்களா?"

"சீட்டு எழுதித் தள்ளும். வெளிய விடுங்கன்னு. நான்... நான் அதையெல்லாம் சார்கிட்ட குடுத்துட்டேன். மனசு சரியில்லன்னாரே." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "அப்புறம் சீட்டு வர்றது நின்னுபோச்சு. போன வாரம் ஒண்ணே ஒண்ணு. அதுல ஒண்ணும் தப்பா இல்ல, அதனால குடுக்கல."

மசாலா டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். 'ஒரு பச்சை மீன் வேண்டும். சமைக்க வேண்டாம்.'

"புதுசாத்தாங்க வாங்கிக் குடுத்தேன். செவுளெல்லாம் சிவப்பா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு நாறிப்போய் பேப்பர்ல சுத்தி வெளிய வந்துச்சு. தொடவே இல்ல. அந்தத் தட்டு முன்னாடியே உள்ள போனது, திரும்ப வரவே இல்ல."

ஜான்சி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, வரி கீழே வழுக்கி ஓடியிருந்தது. எல்.கே.ஜி. குழந்தை எழுதின மாதிரி.

"அண்ணா, உங்க கையெழுத்து எப்படி இருக்கும்?"

"முத்து முத்தா இருக்கும். ஆட்டோ பின்னாடி நீயே பாத்துகினுதான கீற."

"பிறவியிலேயே இடது கைக்காரர் நீங்க. இது எழுதினதும் இடது கைதான். மை இழுபட்டிருக்கு பாருங்க, எழுதின வார்த்தை மேலயே கை உரசிட்டுப் போயிருக்கு. அப்ப ஏன் இவ்வளவு கோணல்?"

துலுக்காணம் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"புதுக் கை" என்றாள் ஜான்சி. "இப்பத்தான் பழகுற கை. முன்னே ஒரே நாள்ல படத்தை முடிச்சவ. இந்தக் கையால முடிக்க நாலு நாள் ஆயிருக்கு. வரைய வரைய மீன் கெட்டுக்கிட்டே போயிருக்கு. அவ கண்ணுக்கு முன்னால இருந்ததைத்தான் வரைஞ்சா. பொய்யா வரைய அவளுக்குத் தெரியாது." ரத்தினபாய் பக்கம் திரும்பினாள். "அந்தக் கம்பெனியில என்ன செய்யறாங்க?"

"தகட்டுல பேர்ப் பலகை அடிக்கறாங்க. பிரஸ் மிஷின்ல."

சுவருக்கு அப்பால் டொம் என்றது. மறுபடியும் டொம்.

ரத்தினபாய்க்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் எழுந்தாள். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு சாவியை எடுத்தாள். "வீடு என்னுது. ஒரு சாவி என்கிட்ட இருக்கறது அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் வேலை போனா போகட்டும்."

ஜான்சி போலீஸுக்குப் போன் செய்து விலாசம் சொல்லி முடிக்கவும், சந்து முனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பவும் சரியாக இருந்தது. ரத்தினபாயின் முகம் வெளுத்ததிலிருந்து அது யாருடைய கார் என்று தெரிந்தது. துலுக்காணம் வெளியே போனார். அங்காளம்மாளைக் கைபிடித்து இறக்கிவிட்டு, ஆட்டோவைச் சந்தின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"வண்டியை எடுப்பா" என்று காரிலிருந்து ஒரு குரல் வந்தது. படித்த, பணிவான குரல். "கொஞ்சம் அவசரம்."

"ஸ்டார்ட் ஆவல சார். காலைலருந்து ஒரே பேஜார். நீங்க எறங்கி ரெண்டு தள்ளு தள்னீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"ப்ளீஸ், நீங்களே ஓரமா தள்ளிடுங்க."

"மரியாதயா பேசற சார் நீ. அதான் எனக்கு பயமா கீது."

ஜான்சி அதற்கு மேல் கேட்கவில்லை. படி ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அங்காளம்மாள்தான். இந்தத் தடவை இருக்கச் சொல்ல ஜான்சிக்கு மனசில்லை.

பூட்டு திறந்தது. அறைக்குள் டர்பன்டைன் வாசனையும் புழுக்கமும். அட்டைக்கு மேலிருந்த பாதி ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் வலது பக்கமிருந்து வந்து ஒரு ஸ்டூல் மேல் விழுந்தது. ஸ்டூலில் அந்தத் தட்டு, பெயர் வாசலைப் பார்த்தபடி. அதற்கு எதிரே தரையில், இடது கையில் தூரிகையோடு ஒரு பெண். வலது கையை ஒரு துண்டு சுற்றியிருந்தது. துண்டுக்குள் விரல்கள் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

அவள் முதலில் ஜான்சியைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்றவளை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, துண்டு சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஆள் வரலன்னு என்னிய மிஷின்ல நிக்க வெச்சாங்கம்மா" என்றாள், தப்புச் செய்துவிட்ட குழந்தை மாதிரி. "நானே போய் தொட்டேன்னு எழுதிக் குடுத்தா வூட்டுக்கு அனுப்பறேன்னாரு. நான் எழுதல."

அங்காளம்மாள் அழவில்லை. இரண்டு எட்டு வைத்து மகள் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து மாதமாக ஒரு கையால் வார முடியாமல் சிக்குப் பிடித்து, கயிறு போலத் திரிந்து தொங்கிய அந்தத் தலைமுடியை நோக்கி அவள் கை நீண்டது. பாதியில் நின்றது. திரும்பி வந்து முந்தானையில் துடைத்துக்கொண்டது, மறுபடி துடைத்துக்கொண்டது.

நித்யஸ்ரீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜ் மொத நாளு சொன்னேன் இல்ல" என்றாள் மெதுவாக. "கையில மீன் நாத்தம் அடிக்குது, என் தலையைத் தொடாதன்னு. அன்னிலருந்து நீ தொடவேல்ல. ஆறு வருசமாச்சு. ஒவ்வொரு தடவை வூட்டுக்கு வரும்போதும் கேக்கணும்னுதான் வருவேன். எந்த மூஞ்சை வெச்சிகினு கேக்கறதுன்னு, படத்தைக் குடுத்துட்டுப் போயிருவேன்."

கீழே சந்தில் யாரோ கதவை அறைந்து சாத்தும் சத்தம். தூரத்தில் போலீஸ் வண்டியின் சைரன். தாயும் மகளும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நித்யஸ்ரீ உட்கார்ந்தபடியே திரும்பி, தாய்க்கு முதுகு காட்டி, தலையைச் சற்று பின்னுக்குச் சாய்த்தாள்.

"யம்மா. எனக்குத் தலை பின்னி விடும்மா."